வயற்கரையில் பிறந்த பட்டப்படிப்பு

பதினாறு வயதில் எங்கள் பிள்ளைகளை ஒரு கோட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். உயிரியலா, கணிதமா? சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு பதில் சொல்லியாக வேண்டும். உயிரியல் பக்கம் போன பிள்ளை இணைந்த கணிதத்தைக் கைவிடும். கணிதப் பக்கம் போன பிள்ளைக்கு இலையின் துளையும் வேரின் மயிரும் அதோடு முடிந்த கதை. ஒரு பக்கத்தில் வைத்தியர், மறுபக்கத்தில் பொறியியலாளர். நடுவில் ஒன்றும் இல்லை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம்.

கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தனைப் போன்ற ஊர்களில் இந்தக் கேள்வியே பல பிள்ளைகளை எட்டவில்லை. பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படிக்கிற பிள்ளை, விருப்பம் எதுவாக இருந்தாலும் கலைப்பிரிவுக்குத்தான் போகும். தகப்பனோடு வயலில் நின்று வாய்க்கால் மறித்து, லான்ட்மாஸ்டரின் பெல்ட்டைத் தானே மாற்றி வளர்ந்த பிள்ளைக்கு, அந்த அறிவை மேலே கொண்டுபோக ஒரு படிப்பு இல்லாமல் இருந்தது.

2013ஆம் ஆண்டில் இலங்கையின் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு என்று புதிதாக ஒன்று வந்தது. அதில் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் எல்லோருக்கும் பொது. அதனோடு பொறியியற் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்ற இரண்டில் ஒன்று. மூன்றாவது பாடம் பிள்ளையின் தெரிவு. உயிர்முறைமைகள் தொழினுட்பவியலின் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் மண், வானிலை, நில அளவை, நீர்ப்பாசனம், நுண்ணங்கிகள், பாதுகாக்கப்பட்ட பயிர்ச்செய்கை, பால் பதனிடுதல், மீன் வளர்ப்பு, பண்ணை இயந்திரங்கள் எல்லாம் ஒரே புத்தகத்துக்குள் கிடக்கின்றன. முதல் அணி 2015இல் சோதனை எழுதியது. அந்தப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குள் எடுப்பதற்கு ஒரு பீடம் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்தது. அங்குள்ள உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் துறை நான்கு வருடச் சிறப்புப் பட்டம் தருகிறது.

இதைப் புதுப்படிப்பு என்கிறார்கள். எங்கள் நாட்டுக்குப் புதுசு. உலகத்தில் இதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வேர் இருக்கிறது. அந்த வேர் போய்ச் சேரும் இடமும் ஒரு வயற்கரைதான்.

அமெரிக்காவின் அயோவா சோள நாடு. அங்கே ஜே. பிரவுன்லி டேவிட்சன் என்ற ஆசிரியர், இயந்திரம் தெரிந்தவருக்குப் பயிர் தெரியவில்லை, பயிர் தெரிந்தவருக்கு இயந்திரம் தெரியவில்லை என்பதைக் கண்டு, விவசாயப் பொறியியலுக்கென்று தனிப் பாடத்திட்டம் வகுத்தார். 1907இல் அமெரிக்க விவசாயப் பொறியியலாளர் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். 1910இல் அயோவா அத்துறையில் உலகின் முதல் பட்டத்தை வழங்கியது. அந்தக் காலத்துப் பாடம் பெரும்பாலும் இரும்பும் மண்ணும்தான்: கலப்பை, உழவு இயந்திரம், வடிகால், களஞ்சியம். பயிரை இயந்திரம் வேலை செய்கிற ஒரு பொருளாகப் பார்த்தார்களே தவிர, தனக்கென்று விதிகள் உள்ள உயிராகப் பார்க்கவில்லை.

அந்தப் பார்வை மாற அரை நூற்றாண்டு பிடித்தது. 1960களில் விவசாயப் பொறியியல் துறைகளுக்குள்ளேயே உயிரியல் நுழைந்தது. 1967இல் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் உயிரியற் பொறியியலை இளநிலைப் படிப்பாகத் தொடங்கியது. மருத்துவப் பக்கத்திலிருந்து இன்னொரு கிளை வளர்ந்து வந்தது. பிரித்தானியாவில் ஹைன்ஸ் வூல்ஃப் என்ற விஞ்ஞானி 1954 அளவிலேயே அந்தத் திசையில் வேலை தொடங்கியிருந்தார். 2005ஆம் ஆண்டு இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. டேவிட்சன் தலைமையேற்ற பழைய சங்கம் தன் பெயரில் ‘உயிரியல்’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனம் உயிரியற் பொறியியலில் இளநிலைப் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. மின்பொறியியலுக்குப் பௌதிகவியல் எப்படி அடித்தளமோ, இரசாயனப் பொறியியலுக்கு இரசாயனவியல் எப்படியோ, அப்படி உயிரியலையே அடித்தளமாக வைத்து ஒரு பொறியியல் கட்டலாம் என்பது அவர்களுடைய வாதம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இன்று உயிரியற் பொறியியலில் பி.டெக். இருக்கிறது.

அறிவியல் நகரின் பட்டமும் மசாசூசெட்ஸின் பட்டமும் ஒன்றல்ல. அங்கே மரபணுவும் கலமும் நடுவில் நிற்கின்றன. இங்கே வயலும் உணவும். ஆனால் இரண்டும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். மூச்சுவிடுகிற, வளர்கிற, அழுகிப்போகிற ஒன்றை வைத்து எப்படி வடிவமைப்பது? கல்லையும் இரும்பையும் வைத்துக் கட்டுகிறவருக்கு இந்தத் தலையிடி கிடையாது.

பரந்தன் சந்தியில் பெப்ரவரி மாதத்தில் இதைக் கண்ணால் காணலாம். காலபோக அறுவடை முடிந்து, ஏ9 வீதியோரமும் முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியோரமும் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருக்கும். அறுவடை இயந்திரத்திலிருந்து வருகிற நெல்லில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் ஈரம் இருக்கலாம். நெல் சந்தைப்படுத்தல் சபை எடுப்பதற்கு அது பதினான்குக்கு இறங்க வேண்டும். இது தண்ணீரை வெளியேற்றுகிற வேலை மட்டும் என்று நினைத்தால் சூட்டைக் கூட்டினால் போதும். ஆனால் வெட்டிய பிறகும் நெல் மூச்சுவிடுகிறது. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் அது ஒட்சிசனை எடுத்து, காபனீரொட்சைட்டையும் நீரையும் வெப்பத்தையும் விடும். அந்த வெப்பம் குவியலுக்குள் சிறைப்படும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளிக்கும். பயந்துபோய் அவசரமாகக் காயவைத்தால் மணியின் வெளிப்புறம் சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, நடுவில் வெடிப்பு விழுந்து ஆலையில் குறுநலாகக் கொட்டும். விதை நெல்லென்றால் இன்னும் கவனம் வேண்டும். உலர்த்துகிற காற்று 43 பாகை செல்சியசைத் தாண்டினால் முளை சாகத் தொடங்கும். நெல் உலர்த்தி ஒன்றை வடிவமைப்பவருக்கு வெப்பக் கணக்கும் தெரிய வேண்டும், முளையின் உயிர்ப்பும் தெரிய வேண்டும். பதினாறு வயதில் நாங்கள் போட்ட கோட்டின் இரண்டு பக்கமும் அந்தப் படங்கில் கலந்து கிடக்கின்றன.

எங்கள் வீடுகளில் நெல் அவித்த பெண்கள் இதைக் காலகாலமாகச் செய்துவந்தவர்கள். ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் மணியின் உள்ளே இறங்குகிறது. மாப்பொருள் இளகி இறுகி வெடிப்புகளை ஒட்டிவிடுகிறது. குத்தும்போது உடைவது குறைகிறது. புழுங்கல் நல்ல உயிர்முறைமைத் தொழினுட்பம். அதற்குப் பட்டம் கொடுக்கத்தான் ஆள் இருக்கவில்லை.

ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. இந்த நிலத்தில் பொறியியலும் விவசாயமும் சேர்ந்தேதான் வந்தன. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் நெருக்கடியையும் வேலையின்மையையும் குறைக்க 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் வந்தது. குளம் இல்லையேல் கிளிநொச்சி இல்லை. 1974இல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. விவசாயத்துக்கான பீடம் வயல் இருக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று சரியாக முடிவெடுத்து, 1990இல் அதைக் கிளிநொச்சியில் தொடங்கினார்கள். விவசாயப் பொறியியலும் அதன் துறைகளில் ஒன்று. போர் அந்தப் பீடத்தை யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்த்தது. பயிர்ச்செய்கைக்கென்று பிறந்த பீடம் இரண்டு தசாப்தங்களளவு தன் வயலைப் பிரிந்திருந்தது. 2009 ஜனவரியின் முதல் இரண்டு நாட்களில் பரந்தனும் கிளிநொச்சியும் அடுத்தடுத்துக் கைமாறின. அதற்கு முன்னமே சனம் பெயர்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வாய்க்காலும் தூர்ந்துபோயிருந்தது.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது. 2014இல் விவசாய பீடம் தன் ஊருக்குத் திரும்பியது. அதே ஆண்டில் பொறியியல் பீடமும் அறிவியல் நகரில் தொடங்கியது. ஒரு பக்கம் விவசாயம், ஒரு பக்கம் பொறியியல், இரண்டு வருடம் கழித்து அவற்றின் நடுவில் தொழினுட்ப பீடம். யாரும் இந்தக் கதையை நினைத்துத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்தப் பட்டம் பிறப்பதற்கு இலங்கையில் இதைவிடப் பொருத்தமான இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் பரந்தனில் உப்பு இருக்கிறது. வடக்கே சில கிலோமீற்றரில் ஆனையிறவு. அந்த உப்பை நம்பி 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தி, ஒரு பக்கம் எரிசோடாவும் மறுபக்கம் குளோரீனும் எடுத்தார்கள். போர்க்காலத்தில் அது நின்றுபோனது. தொழிற்சாலைக்குச் செல்வமாக இருந்த அதே உப்பு வயலுக்குப் பகை. பரந்தனிலிருந்து மேற்கே பூநகரிப் பக்கமும், வடகிழக்கே கண்டாவளைப் பக்கமும் களப்பை அண்டிய காணிகளில் கோடை வந்தால் மண்ணின் மேல் வெள்ளை பூக்கும்.

உவர்மண்ணை அளப்பது மின்கடத்துதிறனால். மீற்றருக்கு நான்கு டெசிசீமன்சுக்கு மேலே போனால் அது உவர்நிலம். நெல் மூன்றிலேயே விளைச்சல் குறையத் தொடங்கும். வேருக்கு வெளியே உப்பு கூடினால் தண்ணீர் இருந்தும் பயிர் தாகத்தால் வாடும். உள்ளே போன சோடியம் பொற்றாசியத்தின் இடத்தைப் பிடித்து இலையை எரிக்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பயிர் மிகவும் நொந்துபோகும். பொறியியலாளர் கையில் இருக்கிற வழி உவர்நீர்த் தடுப்பணை, வடிகால், மழைநீரால் உப்பைக் கழுவி இறக்குதல். உயிரியலாளர் கையில் இருக்கிற வழி தாங்குகிற இனம். கேரளத்துக் கடலோரத்தில் இறாலோடு மாறிமாறி விளைகிற பொக்காளி என்ற நெல், சோடியத்தை உள்ளே விடாமல் மறிக்கிற குணத்தைத் தன் மரபில் வைத்திருக்கிறது. அந்தக் குணத்தோடு தொடர்புள்ள பகுதியை நெல்லின் முதலாம் நிறமூர்த்தத்தில் கண்டுபிடித்து சால்ட்டோல் என்று பெயரிட்டார்கள். பொக்காளியைப் பெற்றோராக வைத்து அம்பலாந்தோட்டையில் உருவாக்கிய ஏ.ரி. 354 இலங்கையின் உவர்நிலங்களில் நன்கு அறியப்பட்ட இனம்.

தடுப்பணை மட்டும் இருந்தால் உள்ளே தேங்கிய பழைய உப்பு போகாது. இனம் மட்டும் இருந்தால் உப்பு ஒரு அளவைத் தாண்டும்போது அதுவும் தோற்கும். எந்தக் காணிக்கு எவ்வளவு கழுவுநீர், எந்தக் கிழமையில் விதைப்பு, எந்த இனம் என்று மூன்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கத்தான் இந்தப் பட்டம்.

2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நவம்பரில் திருப்பி எடுத்தார்கள். அந்தக் காலபோகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் விழுந்தது. ஐம்பது கிலோ யூரியாப் பையொன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் அது பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். ஒரு பைக்கு ஈடுசெய்ய ஒன்றரைத் தொன் அளவில் எரு வேண்டும், அதிலும் முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. உயர்தர மாணவன் போடக்கூடிய கணக்கு இது. முடிவெடுக்கிற இடத்தில் அதைப் போட்டுக் காட்ட ஆள் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆனாலும் எங்கள் வீடுகளில் இந்தப் பட்டத்தை இன்னும் ஆறுதல் பரிசாகவே பார்க்கிறார்கள். உயிரியலும் சரிவரவில்லை, கணிதமும் இல்லை, சரி, இதையாவது படிக்கட்டும் என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது. தகப்பனின் வயலை விட்டு விலகத்தான் படிப்பு என்று நாங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தோம். வயலுக்குள் இன்னும் ஆழமாக இறங்குவதற்கு ஒரு படிப்பு வந்தபோது அதன் மதிப்பு எங்களுக்குப் பிடிபடவில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிளிநொச்சி நகரத்தைத் தாண்டி, அதே ஏ9 வீதியில் அறிவியல் நகர். நான்காம் வருட ஆய்வுகளில் ஒரு பகுதியைக் கண்டாவளை, பூநகரிக் காணிகளுக்கென்றே ஒதுக்கலாம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு மாணவர்கள் மண்ணின் உப்பை அளந்து, காணிவாரியாகப் படம் வரைந்து, கமநல சேவை நிலையத்தில் ஒட்டலாம். கமக்கார அமைப்புகள் விதைப்புக் கூட்டத்தில் அதைப் பார்த்து இனத்தைத் தெரிவுசெய்துகொள்ளலாம். மாகாணத் திணைக்களங்கள் ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் பட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும். ‘அதற்குச் சமமான தகைமை’ என்ற சொற்களுக்குள் அந்தப் பிள்ளைகள் தங்களைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. விவசாயப் போதனாசிரியராகவும், நீர்ப்பாசனத் திணைக்களத்திலும், அரிசி ஆலையிலும், பாற்பண்ணையிலும் அவர்களுக்கு உரிய கதிரைகள் இருக்கின்றன. முதல் அணிகள் பட்டத்தோடு வெளியே வந்துவிட்டன.