தட்டியில் எழுதிய பெயர்கள்

பென்னாகரத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. புதுயுகம் தொலைக்காட்சி கொரிய நாடகங்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பிய காலத்தில் அவள் அம்மா பார்த்தாள். இப்போது இவள் கைப்பேசியில் பார்க்கிறாள். "ஏன் மாமா, கொரியாக்காரங்க கதையில எப்பப் பாரு யாராவது அண்ணனையோ அம்மாவையோ தொலைச்சிட்டுத் தேடிட்டே இருக்காங்க?" என்று போன மாதம் கேட்டாள். இந்த வாரக் கட்டுரை அவளுக்கான பதில்.

1950 டிசம்பர் முதல் வாரம். கொரியப் போர் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சீனப் படைகள் யாலு ஆற்றைத் தாண்டி இறங்கிவிட, வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கை விட்டு ஐ.நா. படைகள் தெற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தன. அப்போது அந்த ஊரில் ஓர் இந்திய மருத்துவப் படையும் இருந்தது. நேரு கொரியாவுக்குச் சண்டை போடும் படையை அனுப்பவில்லை. 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பினார். அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். நம் தமிழர். பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர்.

பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது, ஏற்றிப் போக வண்டி வரவில்லை. சாமான்களை அழித்துவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். ரங்கராஜ் மறுத்துவிட்டார். அறுவைக் கருவியும் மருந்தும் இல்லாத மருத்துவப் படை யாருக்கு உதவும்? ரயில் பாதையில் ஒரு நீராவி இன்ஜின் கேட்பாரற்று நின்றது. வீரர்கள் வரிசைகட்டி நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். அடுப்பு மூட்டினார்கள். பெட்டிகளில் எல்லாவற்றையும் ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு டேடாங் ஆற்றைக் கடந்தார்கள். அவர்கள் கடந்த பின் பாலங்கள் தகர்க்கப்பட்டன. ரங்கராஜுக்குப் பின்னாளில் மகாவீர் சக்ரா கிடைத்தது. அந்த வாளி வரிசையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இன்ஜின் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள்? டிசம்பர் 4 அன்று, குண்டுவீச்சில் முறுக்கிக் கிடந்த டேடாங் ஆற்றுப் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் அகதிகள் எறும்புச் சாரையாகத் தொற்றிப் போவதைப் புகைப்படக்காரர் மாக்ஸ் டெஸ்ஃபர் படமெடுத்தார். புலிட்சர் பரிசு பெற்ற படம். அதில் முகங்கள் தெரியாது. ஊர்ந்து போகும் உருவங்களும் மூட்டைகளும்தான் தெரியும். அந்தக் குளிர்காலத்து நெரிசலில் பிடித்த கை நழுவிய பிள்ளைகள் எத்தனையோ. 1953 ஜூலை 27இல் போர் நின்றது, எல்லை மூடிக்கொண்டது. தெற்கே வந்து சேர்ந்தவர்களிலும் ஒரே நாட்டுக்குள் அண்ணன் ஓர் ஊரிலும் தங்கை வேறோர் ஊரிலுமாக, ஒருவர் உயிரோடிருப்பது மற்றவருக்குத் தெரியாமலே வளர்ந்தவர்கள் ஏராளம்.

முப்பது வருடம் போனது. 1983 ஜூன் 30 இரவு, தென்கொரிய அரசுத் தொலைக்காட்சியான கே.பி.எஸ். 'பிரிந்த குடும்பங்களைத் தேடுகிறோம்' என்று ஒரு நேரலை நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒதுக்கிய நேரம் 95 நிமிடம். நிறுத்த முடியவில்லை. நவம்பர் 14 வரை, 138 நாட்களில் மொத்தம் 453 மணி 45 நிமிடம் ஓடியது. விண்ணப்பித்தவர்கள் 1,00,952 பேர்; 10,189 குடும்பங்கள் சேர்ந்தன.

அரங்கில் நடந்தது பேச்சுதான். ஒருவர் சியோலில், இன்னொருவர் வேறோர் ஊர் நிலையத்தில். திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். அப்பா பெயர் என்ன? எத்தனை பேர் பிறந்தீர்கள்? உடம்பில் தழும்பு உண்டா? சின்ன வயதில் பிரிந்த சிலருக்குச் சொந்தப் பெயரே நிச்சயமில்லை. ஒரு தழும்பைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் இருப்பவர் உடைந்து கதறுவார். ஒரு நாட்டின் வரலாற்றைத் தொலைக்காட்சி இதைவிட நெருக்கமாகப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

உள்ளே இடம் கிடைக்காதவர்கள் சியோலின் யோய்டோ பகுதியில் இருந்த நிலையத்தின் சுவரெங்கும் தாள்களை ஒட்டினார்கள், கழுத்தில் தட்டி மாட்டிக்கொண்டு நின்றார்கள். தன் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், எப்போது எங்கே பிரிந்தோம் என்ற விவரம். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எழுத்துமுறை புதிதல்ல. அந்தத் தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) நாட்டுக் கல்வெட்டும் இந்த அரசனின் இத்தனையாவது ஆண்டில், இந்த ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கும்போது, இன்னாருடைய சேவகன் இன்னான் பட்டான் என்றுதான் சொல்லும். நம் ஊரில் செத்தவனுக்குக் கல் நட்டு எழுதினார்கள். அவர்கள் உயிரோடிருக்கும் தங்களைப் பற்றியே எழுதித் தூக்கிப் பிடித்தார்கள்.

அந்த ஒளிபரப்பின் 463 வீடியோ டேப்புகள் உள்ளிட்ட ஆவணங்களை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தக் காட்சிகளில் ஒன்றை அக்கா மகளுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். பேச்சு புரியவில்லை, நடப்பது புரிந்தது. கடைசிவரை பார்த்துவிட்டு, "வடக்குல மாட்டிக்கிட்டவங்க என்ன பண்ணாங்க மாமா?" என்றாள்.

அவர்களில் மிகச் சிலருக்கு 1985 செப்டம்பரில் எல்லை திறந்தது, சில நாட்களுக்கு மட்டும்.

(தொடரும்)