டஸ்கேகியின் ஓடுதளம்: கிளீவ் அபட் செய்த வேலை

1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.68 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் ஆலிஸ் கோச்மன். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜின் கையால் பதக்கம் வாங்கித் திரும்பியவருக்கு, ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சொந்த ஊரான அல்பனியில் வரவேற்பு நடந்தது. அரங்கில் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம். மேடையிலிருந்த மேயர் அவரிடம் கை குலுக்கவில்லை. அவரைப் பேசவும் விடவில்லை.

அவமதிப்புக் கதைகள் நமக்குப் புதிதல்ல. கேட்டதும் ரத்தம் கொதிக்கும், பகிர்வோம், அடுத்ததற்குப் போய்விடுவோம். எனக்கு இதில் வேறொரு கேள்வி உண்டு. ஊர்ப் பொது மைதானத்தில் கால் வைக்க முடியாத பிள்ளை, மண் சாலையில் வெறுங்காலோடு ஓடி, கயிறும் குச்சியும் கட்டித் தாண்டிப் பழகிய பிள்ளை, பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று பெற்றோரே தடுத்த பிள்ளை, லண்டன் வரை போனது எப்படி?

விடை தேடினால் அலபாமா மாநிலத்தின் டஸ்கேகி கல்வி நிறுவனத்துக்குப் போக வேண்டும். அங்கே விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர் கிளீவ்லண்ட் அபட். நம்மூர்க் கல்லூரியில் ‘பி.டி. சார்’ என்போமே, கிட்டத்தட்ட அந்தப் பதவி. நம் வரலாற்று எழுத்தில் தலைவர்கள் உண்டு, தியாகிகள் உண்டு, வீரர்கள் உண்டு. பி.டி. சார்களுக்கு இடமில்லை.

அபட் தெற்கு டகோட்டாவில், கறுப்பர்கள் மிகக் குறைவாக வாழ்ந்த பகுதியில் பிறந்தவர். அம்மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது தடகளம், கால்பந்து, கூடைப்பந்து என்று எல்லாவற்றிலும் ஆடினார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட புக்கர் டி. வாஷிங்டன், நன்றாகப் படித்து முடித்தால் டஸ்கேகியில் வேலை உண்டு என்று வாக்குக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அபட் பட்டம் பெற்றது 1916இல். வாஷிங்டன் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். ஆனாலும் வேலை கிடைத்தது. விளையாட்டோடு வேளாண்மைப் பிரிவிலும் வேலை பார்த்தார். பிறகு முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரி. 1923இல் விளையாட்டு இயக்குநராக டஸ்கேகிக்குத் திரும்பியவர், 1955இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக அவர் பெற்றது 202 வெற்றி, 95 தோல்வி, 27 சமநிலை. அவர் பெயர் நிலைக்க இதுவே போதும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு நிகழ்ச்சி நிரல். 1927இல் ‘டஸ்கேகி ரிலேஸ்’ என்ற தடகளப் போட்டியைத் தொடங்கினார். தெற்கில் வெள்ளையர் நடத்தும் போட்டிகளில் கறுப்பர் ஓட முடியாது, ஆகவே ஓட ஒரு இடம். இரண்டு ஆண்டு கழித்து அதே நிரலில் பெண்களுக்கான பந்தயங்களையும் சேர்த்தார். பெண்கள் அணி ஒன்றும் உருவானது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வேகமாக ஓடுவது பெண்மைக்குக் கேடு, உடம்புக்குக் கேடு என்று அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியைகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையினக் கல்லூரிகள் பெண்களுக்கான தடகளப் போட்டிகளைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் வேண்டாம் என்று விட்ட இடத்தில்தான் கறுப்பினப் பெண்கள் நுழைந்தார்கள். 1937இல் டஸ்கேகி பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள். அதிலிருந்து 1948 வரையிலான 12 ஆண்டுகளில், 1943 தவிர, ஒவ்வோர் ஆண்டும் அவர்களே. அலபாமா பல்கலைக்கழகத்துக்குள் கறுப்பின மாணவர்கள் நிலையாக நுழைய 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கோச்மனை 1939இல் 16 வயதில் டஸ்கேகி தன் உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டது. அந்த ஆண்டே அவர் தேசிய சாம்பியன். அதன்பின் தொடர்ந்து 10 ஆண்டுகள் உயரம் தாண்டுதலில் அவரை யாரும் வெல்லவில்லை. போரால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்காமல் போயின, இல்லையென்றால் கணக்கே வேறு. லண்டனுக்குப் போகும்போது அவர் அல்பனி ஸ்டேட் கல்லூரி மாணவி. ஆனால் அவரை வளர்த்தெடுத்த ஓடுதளம் டஸ்கேகியினுடையது.

இதை முழுப் புகழ்மாலையாக எழுத எனக்கு மனமில்லை. கோச்மனுக்குக் கிடைத்த உதவித்தொகை சும்மா வரவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தையும் நீச்சல் குளத்தையும் அவர் சுத்தம் செய்ய வேண்டும், ஆண்கள் கால்பந்து அணியின் உடைகளைத் தைக்க வேண்டும். தேசிய சாம்பியன் கையில் ஊசியும் நூலும்! உழைத்துக்கொண்டே படி என்பது வாஷிங்டன் வகுத்த வழி. அதன் மீது டு பாய்ஸ் வைத்த விமர்சனம் நமக்குத் தெரியும். அந்த வழியின் எல்லைக்குள் நின்றுதான் அபட் வேலை செய்தார். ஆனால் எல்லைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கடைசி அங்குலம் வரை அளந்து பார்த்தார். நான் வேலை செய்யும் ஊர் ஒன்றில் மாலை நேரப் பள்ளி மைதானம் முழுக்கப் பையன்களுடையது. பெண்பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி நாங்கள் இரண்டு வருடம் அலைந்தோம். நேர அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அபட்டின் மகள் ஜெஸ்ஸி எலன் 1940களில் டென்னசி ஸ்டேட் கல்லூரிக்குப் போய்ப் பெண்கள் தடகள அணியைத் தொடங்கினார். பின்னாளில் எட் டெம்பிளிடம் போன அந்த அணியிலிருந்து வந்தவர்தான் 1960 ரோமில் மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ஃப்.

டஸ்கேகியிலேயே வளர்ந்து, 1948 ஒலிம்பிக் அணியில் கோச்மனோடு ஓடியவர் நெல் ஜாக்சன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தடகள அணிக்கு அவர்தான் தலைமைப் பயிற்சியாளர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அங்கே டஸ்கேகி மாணவி மில்ட்ரெட் மெக்டேனியல் 1.76 மீட்டர் தாண்டி உலக சாதனையோடு தங்கம் வென்றார். அபட் அதைப் பார்க்க இல்லை. நெல் ஜாக்சன் 1981இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலையில் சேர்ந்தார். விளையாட்டுத் துறை இயக்குநர் வேலை.