திருவிழாத் திகதியைக் கைத்தொலைபேசி நாட்காட்டியில் சேர்க்க

நயினாதீவு நாகபூசணி அம்மன் மகோற்சவம் ஆனியில் நடைபெறும். கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். இரண்டின் திகதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவித்தலோ வாட்ஸ்அப்பில் படமாக வந்து, இரண்டே நாளில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடுகிறது. புலம்பெயர்ந்தோர் விமானச்சீட்டு எடுப்பது அந்தத் திகதியை நம்பித்தான்.

படத்தோடு ஓர் ஐ.சி.எஸ். கோப்பையும் அனுப்பலாம். 1998இல் வகுத்து 2009இல் புதுப்பிக்கப்பட்ட பொது நியமம் அது. கூகுள், ஆப்பிள், அவுட்லுக் நாட்காட்டிகள் ஏற்கும். அதிலும் நல்லது, ஆலயமே பொது நாட்காட்டி ஒன்றைத் திறந்து இணைப்பைப் பகிர்வது. பிறகு நேரம் மாறினால், இணைந்தவர்களின் நாட்காட்டியிலும் சற்றுத் தாமதமாகவேனும் மாறும்.

பிழை நேர்வது நேரவலயத்தில். நயினாதீவில் ஆனி மாதக் காலை 6 மணிப் பூசை, லண்டனில் அதிகாலை 1.30, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 8.30. வலயத்தைக் கொழும்பு என்று குறித்தால் கைத்தொலைபேசியே கணக்குப் பார்க்கும். நேரம் முடிவாகாத நாள்களை 'முழுநாள்' நிகழ்வாகப் பதியுங்கள். 'ஆண்டுதோறும்' என்ற தெரிவைத் தொடவே வேண்டாம். அடுத்த ஆண்டு அது பிழையான நாளைக் காட்டும்.

நயினாதீவுக்கு வருவோருக்கான நினைவூட்டலை, குறிகட்டுவானில் படகுக்குக் காத்துநிற்கும் நேரத்தையும் சேர்த்து வையுங்கள்.