பிராசஸரை மாத்தினா எந்தக் கதவு திறக்கும்?

உறையூர்ல இருந்து இன்னொரு எபிசோட். திருச்சியில செல்போன் கடைகள்ல ஐசி மாத்துறதைப் பார்த்திருப்பீங்க. அது ரிப்பேர். ஆனா நல்லா ஓடுற ஐபோன்ல பிராசஸரைக் கழட்டி வேற பிராசஸர் வச்சவங்களும் உண்டு. எதுக்கு?

1980-கள்ல சர்க்யூட் போர்டுகள் ரொம்ப நெருக்கமாகி, சோதனை ஊசி வைக்கவே இடமில்லாம போச்சு. 1985-ல சில ஐரோப்பிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரு குழு அமைச்சாங்க. அதோட பேருதான் ஜேடேக். சிப்புக்குள்ளயே ஒரு சோதனை வாசல், நாலு கம்பி போதும். 1990-ல அது ஐஇஇஇ தரமா வந்தது. இந்த வாசல் வழியா பிராசஸரை நடுவுல நிறுத்தி மெமரியைப் படிக்கவும் முடியும்.

விற்பனைக்கு வர்ற போன்ல இது ஆபத்து. அதனால சிப்புல இருக்கற நுண்ணிய ஃபியூஸை எரிச்சு வாசலை அடைச்சிடுவாங்க. எரிச்சது எரிச்சதுதான். நிறுவனத்தோட சோதனை போன்கள்ல மட்டும் அது திறந்திருக்கும். அப்படிப்பட்ட ஐபோன்கள் கள்ளச்சந்தையில கைமாறுறதை 2019 மார்ச்ல மதர்போர்டு இதழ் வெளிக்கொண்டு வந்தது. அந்தச் சிப்பை எடுத்து சாதாரண போன்ல வச்சா, ஆராய்ச்சிக்கு ஒரு திறந்த போன் ரெடி.

இதனால பழைய போட்டோ, மெசேஜ் எல்லாம் கிடைச்சிடுமா? கிடைக்காது. தகவலைப் பூட்டுற சாவி ஒவ்வொரு பிராசஸருக்குள்ளயும் தனித்தனியா பதிஞ்சிருக்கு. சிப்பை மாத்தினா அந்தச் சாவியும் போயிடும். இங்க தேடுறது அடுத்தவர் தகவலை இல்ல, போன் எப்படி வேலை செய்யுதுங்கற அறிவை.

2019 செப்டம்பர்ல செக்மேட் வெளியாச்சு. ஏ5 முதல் ஏ11 வரையான சிப்கள்ல, அழிச்சு எழுத முடியாத பூட் ரோம்ல இருந்த ஓட்டை அது. அந்த மாடல்கள்ல ஜேடேக்கைத் திறக்க சால்டரிங்கே தேவையில்லாம போச்சு. 2020-ல ஆப்பிளே ஆராய்ச்சியாளர்களுக்குத் தனி ஐபோன் தர ஆரம்பிச்சது. அதுவும் இரவல்தான், நிபந்தனையோட.

2019 முதல் ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் அசெம்பிள் ஆகுது. கை நம்மோடது, உள்ளே பார்க்கற உரிமை வேற யாரோடதோ. ஆனா 2018-ல சென்னை ஐஐடியோட சக்தி பிராசஸர்ல லினக்ஸ் பூட் ஆச்சு. அது போன் சிப் இல்லதான். ஆனா அதோட டிசைன் திறந்த மூலம். டிபக் பகுதி எப்படி எழுதியிருக்காங்கன்னு உட்கார்ந்து படிக்கலாம். ஒரு காலேஜ் பையனோ பொண்ணோ திருச்சியில இருந்தே சிப் பாதுகாப்பு கத்துக்க, கள்ளச்சந்தைப் பக்கம் போக வேண்டியதில்ல.