ஐம்பதைத் தாண்டி அண்டார்டிகா போன அக்கா



சித்திரை வெயில்ல மாசி வீதியில நடந்தா செருப்பையும் தாண்டிச் சுடும். பனிக்கட்டியை நாம பிரிட்ஜுக்குள்ளதான் பார்த்திருக்கோம். ஆனால் பூமியின் தென்கோடியில் ஒரு கண்டமே பனியாகக் கிடக்கிறது. அதுதான் அண்டார்டிகா. அங்கே நம் நாட்டுப் பெண்களும் போய் வந்திருக்கிறார்கள்.

1982 ஜனவரியில் இந்தியாவின் முதல் குழு அங்கே கால் வைத்தது. அதில் பெண்கள் இல்லை. 1983 கடைசியில் கிளம்பிய மூன்றாவது குழுவில் இரண்டு பெண்கள் போனார்கள். ஒருவர் பாறைகளை ஆராயும் சுதீப்தா சென்குப்தா, இன்னொருவர் கடலை ஆராயும் அதிதி பந்த்.

2016 நவம்பரில் இஸ்ரோவிலிருந்து மங்களா மணி கிளம்பினார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை பனி கொட்டி அவர் பார்த்ததே இல்லை. 23 பேர் கொண்ட குழுவில் இவர் ஒருத்திதான் பெண்.

உடனே யாரையும் அனுப்பிவிடுவதில்லை. முதலில் டெல்லியில் மருத்துவப் பரிசோதனை. பிறகு இமயமலையில் ஆலி, பத்ரிநாத்தில் பயிற்சி. நம்ம கொடைக்கானல் 7,000 அடி உயரம் என்றால், பத்ரிநாத் 10,000 அடி. மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் முதுகில் கனமான மூட்டையோடு நடக்க வேண்டும். உடம்பு தாங்குமா என்று பார்ப்பதோடு, குழுவா ஒட்டிப் பழகணும் என்பதற்காகவும்தான் இந்தப் பயிற்சி.

அங்கே பாரதி ஆய்வு நிலையத்தில், செயற்கைக்கோள்கள் அனுப்பும் தகவல்களை வாங்கி இந்தியாவுக்கு அனுப்பும் வேலை. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும், கப்பல் வராது. சண்டை வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அந்த 23 பேர்தான் ஒருவருக்கொருவர் துணை. வெளியே போனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும். இப்படி 403 நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்.

நாம வாராவாரம் கூடுறதும் சந்தா கட்ட மட்டுமா? யார் வீட்டில் என்ன கஷ்டம்னு தெரிஞ்சுக்கவும்தானே! முன்னமே பழகியிருந்தாத்தான், ஒருத்திக்குத் தவணை தவறும்போது கோபப்படாம கைகொடுக்க முடியும்.

"எனக்கு வயசாயிருச்சு, இனி எனக்கெதுக்குப் பயிற்சி, கணக்கு நோட்டு"ன்னு ஒதுங்குற அக்காமாரே, அடுத்த பயிற்சிக்கு உங்க பேரைக் கொடுங்க. மூட்டையைச் சேர்ந்தே சுமப்போம்.