ஒரு சிற்றூரும் நான்கு கால்பகுதிகளும்

சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலையடிவாரத்தில் உள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது? நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.7 பாகை, கிரீன்விச்சுக்குக் கிழக்கே 78.2 பாகை, இரண்டும் மிகையெண்கள், ஆகவே முதற் கால்பகுதி என்று பள்ளி மாணவரும் சொல்லிவிடுவார். விடை சரியே. ஆயினும் கிரீன்விச் இயற்கை வகுத்த எல்லையன்று. 1884இல் வாஷிங்டனில் கூடிய நாடுகளில் பெரும்பான்மை அதனை ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

அதற்கு எண்பதாண்டுகள் முன்பே நம் நிலம் அளக்கப்படத் தொடங்கிவிட்டது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். 1804இல் பெங்களூரிலும் 1806இல் கோவையிலும் வேறு அடிக்கோடுகள். அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரு தொலைக்குன்றை நோக்கிக் கோணங்களை அளந்துவிட்டால், அங்கே நடந்து செல்லாமலே குன்றின் இடத்தைக் கணக்கிடலாம். அக்குன்று அடுத்த முக்கோணத்துக்கு முனையாகும். கோணமானியின் எடையோ அரை டன். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் உயரே ஏற்றுகையில் சுவரில் மோதிப் பழுதுபட்டது. லாம்ப்டன் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார் என்பது நாம் வியக்கும் செய்தி.

கிழக்கு மேற்குத் தொலைவுகளுக்கு அவர் கொண்ட தொடக்கம், 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக்கூடம். அதனை ஆதிப்புள்ளியாக்கினால் நம் சிற்றூர் மேற்கிலும் தெற்கிலும் விழுகிறது. இரண்டும் குறையெண்கள், மூன்றாம் கால்பகுதி. பெங்களூரிலிருந்து பார்த்தால் கிழக்கும் தெற்கும், நான்காம் கால்பகுதி. தஞ்சையிலிருந்து இரண்டாவது, கோவையிலிருந்து மீண்டும் முதலாவது. ஊர் ஓரடியும் பெயரவில்லை. பின்வந்த எவரெஸ்ட், மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரை இந்திய அளவைக்கு ஆதியாக்கினார். அரசின் கணக்கில் ஊர் நான்காவதுக்குப் போயிற்று. ஊராரை எவரும் கேட்கவில்லை.

வரைபடத் தாளில் மேலே இருப்பது வடக்கு. தமிழுக்கோ மேலே இருப்பது மேற்கு, கீழே இருப்பது கிழக்கு. மலையிலிருந்து கடலுக்குச் சரியும் நிலத்தில் பிறந்த சொற்கள் அவை. சேலத்து உழவர் மேலக்காடு, கீழக்காடு எனும்போது அவர்தம் ஆதிப்புள்ளி வீட்டுவாசலோ கிணற்றடியோதான். அச்சொற்களை மதித்து மேற்கை உச்சியில் வைத்தால் தாளைக் கால்சுற்று வலப்புறமாகத் திருப்ப வேண்டும். வடக்கு வலக்கைப் பக்கம் வந்து நிற்கும். தஞ்சையை ஆதியாகக் கொண்ட அத்தாளில் கொண்டப்பநாயக்கன்பட்டி இரண்டாவதிலிருந்து முதற் கால்பகுதிக்கு வந்துவிடுகிறது.