ஒலிப்பொறியியல் கல்வியின் இரு வேர்கள்

ஒலிப்பொறியியல் கல்லூரிப் பாடமானதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: ஸ்டூடியோவில் கருவிகள் பெருகின, அவற்றைக் கையாளப் பயிற்சி தேவைப்பட்டது, பயிற்சி தரப் பள்ளிகள் முளைத்தன. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்பதில்லை. ஐரோப்பாவில் ஓர் இசைக் கல்விக்கூடம் ஒலிப்பதிவைப் பட்டத்துக்குரிய பாடமாக ஏற்றபோது, பல டிராக்குகளில் பதியும் டேப் இயந்திரம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கருவிகள் உண்மையிலேயே சிக்கலாகிவிட்ட 1960களிலோ, அவற்றைத் துணிந்து கையாண்டு பேர் வாங்கியவர்களில் பலர் பள்ளிப்படிப்போடு வேலைக்கு வந்தவர்கள். அப்படியானால் வகுப்பறையைத் தோற்றுவித்தது எது? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு தேவைகள் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. ஒலிப்பதிவை இசைத்தொழிலின் ஒரு பகுதியாகக் கண்ட ஜெர்மானிய மரபு அவற்றில் ஒன்று. தம் செலவில் ஆள் பழக்கும் வழக்கத்தை ஸ்டூடியோக்கள் கைவிட்டபோது ஏற்பட்ட வெற்றிடம் மற்றொன்று. ஒலித்துறையில் பிழைக்க நினைத்துப் படிக்க வருபவருக்கு அந்தப் படிப்பு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பது இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் புலப்படும்.

முதல் வேர் பெர்லினில் இருக்கிறது. அங்கிருந்த அரசு இசைக் கல்லூரிக்குள் 1928இல் வானொலி ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. மைக்குக்கு முன் பாடுவதும் பேசுவதும் வாசிப்பதும் மேடையில் செய்வதிலிருந்து வேறுபட்டவை, அவற்றைத் தனியாகக் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பொறியாளர் டிராவுட்வைன் உருவாக்கிய மின்னிசைக் கருவியான டிராவுட்டோனியம் 1930இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. இசையமைப்பாளர் பால் ஹிண்டமித் அதற்கென இசை எழுதினார். நாஜி ஆட்சியில், 1935இல், அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. அதே ஆண்டு அதே நகரத்தின் வானொலிக் கண்காட்சியில்தான் ஏ.இ.ஜி. நிறுவனம் மேக்னெட்டோஃபோன் என்ற டேப் இயந்திரத்தை மக்களுக்குக் காட்டியது. கருவி வளர்ந்தது, அதை இசையோடு சேர்த்துச் சிந்தித்த இடம் மறைந்தது. கருவியின் வளர்ச்சியும் கல்வியின் வளர்ச்சியும் கைகோத்து நடந்தன என்ற கதைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

போருக்குப் பின், ஒலிப்பதிவை இசையோடு சேர்த்துக் கற்பிக்கும் எண்ணம் இரண்டு இடங்களில் மீண்டும் தலைகாட்டியது. அமெரிக்காவில் குடியேறியிருந்த இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷூன்பெர்க், 1946இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இசையோடு ஒலியியல், இயற்பியல், இயந்திரவியல் ஆகியவற்றையும் கற்பித்து, இசைத்தட்டு, வானொலி, திரைப்படம் மூன்றின் ஒலியையும் மேம்படுத்தக்கூடியவர்களை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அப்போது இப்படியொரு தேவையே தோன்றவில்லை. ஜெர்மனியில் நிலைமை வேறு. டெட்மோல்ட் நகரில் 1946இல் தொடங்கிய இசைக் கல்லூரியில், 1949இல் எரிக் தீன்ஹாஸ் என்ற இயற்பியலாளர் டோன்மைஸ்டர் (இசையறிந்த ஒலிப்பதிவாளர்) பயிற்சி நிலையத்தை நிறுவினார். இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

டெட்மோல்ட் ஏன் வேர்பிடித்தது என்பதற்கு விடை ஜெர்மானிய வானொலி நிலையங்களில் கிடைக்கிறது. அவை சொந்தமாக வாத்தியக் குழுக்களை வைத்துப் பேணின. அங்கே ஒலிப்பதிவு வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது: கருவிகள் ஒழுங்காக இயங்குவது பொறியாளரின் பொறுப்பு, பதிவு இசையாக நிற்பது டோன்மைஸ்டரின் பொறுப்பு. இந்தப் பிரிவினைக்குத் தொழில்நுட்பத்திலேயே காரணம் இருந்தது. ஒரு சில மைக்குகளைக் கொண்டு நேரடியாகப் பதிந்த காலத்தில் பின்னால் திருத்திக்கொள்ளும் வசதி கிடையாது. வயலின் வரிசைக்கும் குழல் வரிசைக்கும் நடுவே உள்ள சமநிலை, மைக் நிற்கும் இடத்தைக் கொண்டே முடிவாகிவிடும். நாற்பது நொடி கழித்து ஓபோ தனித்து ஒலிக்கப்போகிறது என்பது இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கே முன்கூட்டித் தெரியும். ஆகவே டெட்மோல்ட் மாணவர் வாத்தியம் பயின்றார், சுருதியையும் இசைவையும் காதால் இனங்காணப் பழகினார், இசைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்கக் கற்றார். மின்னணுவியலும் ஒலியியலும் அதே நிரலில் இடம்பெற்றன. ஒரு வாத்தியமாவது வாசிக்கத் தெரியாதவருக்கு நுழைவுத் தேர்விலேயே கதவு அடைக்கப்பட்டது. பல டிராக் இயந்திரத்துக்கு முந்திய ஒரு தேவையிலிருந்து பிறந்ததாலேயே இந்தப் பாடத்திட்டத்தைப் பிற்கால இயந்திரங்கள் குலைக்கவில்லை.

ஆங்கிலேய, அமெரிக்க உலகில் கதை இப்படி நடக்கவில்லை. அங்கே ஸ்டூடியோவே பள்ளிக்கூடம். லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனம் 1931இல் திறந்த அபே ரோடு ஸ்டூடியோவில் படிநிலை ஒன்று இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் டேப் கிடங்கில் ஏவிய வேலையைச் செய்வான். பிறகு டேப் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் உதவியாளன் ஆவான். அதன்பின் இசைத்தட்டு வெட்டும் அறைக்குப் போவான். அங்கேயும் தேறினால்தான் மிக்ஸிங் கன்சோலின் முன் உட்கார இடம் கிடைக்கும். ஜெஃப் எமரிக் 1962 செப்டம்பரில், பதினாறு வயதில், அங்கே சேர்ந்தார். 1966இல் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' தொகுப்புக்கு அவரே தலைமை ஒலிப்பதிவாளர். அப்போது வயது இருபது. டிரம்முக்கு மிக நெருக்கமாக மைக் வைக்கக் கூடாது என்ற நிறுவன விதியை அவர் மீறியதை ஒலிப்பதிவு வரலாறு எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். அந்த மீறலுக்கு முந்திய மூன்றரை ஆண்டுகள் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியில் அவர் எந்தப் பதிவுக்கும் பொறுப்பேற்கவில்லை. அனுபவசாலிகள் முடிவெடுப்பதை அதே அறையில் உட்கார்ந்து நாள்தோறும் பார்த்தார், அதற்குச் சம்பளமும் வாங்கினார். இசைத்தட்டு வெட்டும் அறையில் இருந்தபோது, மிக்ஸிங்கில் செய்த தவறு கடைசியில் ஊசியின் முனையில் என்ன ஆகிறது என்பதையும் அறிந்துகொண்டார். இவ்வளவு நிதானமான பாடத்திட்டத்தை எந்தக் கல்லூரியும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

பெரிய ஒலிப்பதிவாளர்கள் படிக்காமல்தானே வந்தார்கள் என்ற மறுப்பு இங்கேதான் எழுகிறது. எமரிக்கோடு இன்னும் இரண்டு பெயர்களை எடுத்துக்காட்டுவது வழக்கம். நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனத்தில் 1958லேயே எட்டு டிராக் இயந்திரத்தைப் பயன்படுத்திய டாம் டௌட் ஒருவர். எல்விஸ் பிரஸ்லி, ராய் ஆர்பிசன் ஆகியோரின் பாடல்களை நாஷ்வில்லில் பதிந்த பில் போர்ட்டர் மற்றவர். இருவரிடமும் ஒலிப்பொறியியல் பட்டம் இல்லை என்பது உண்மையே. ஆனால் டௌட் இளவயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்கான இயற்பியல் வேலையில் இருந்தவர். படிக்காதவர் என்ற வரிசையில் அவரைச் சேர்ப்பது பொருத்தமில்லை. போர்ட்டரின் கதை இன்னும் சுவையானது. தானாகவே தொழில் கற்ற அவர்தான் 1970களின் நடுப்பகுதியில் மயாமி பல்கலைக்கழகத்தில், அமெரிக்காவின் முதல் நான்காண்டு ஒலிப்பொறியியல் படிப்புகளில் ஒன்றைக் கற்பித்தார். பட்டம் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாக அழைக்கப்படுபவரே பட்டம் தரும் இடத்தில் ஆசிரியராக நின்றார். ஆக, இந்த எடுத்துக்காட்டுகளைக் கொண்டு கல்வி வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. கல்விக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனங்கள் ஒரு காலத்தில் இருந்தன என்பதையே அவை காட்டுகின்றன.

அந்த நிறுவனங்களின் பிடி 1960களின் இறுதியிலிருந்து தளர்ந்தது. இசைத்தட்டு நிறுவனங்களுக்குச் சொந்தமான பெரிய ஸ்டூடியோக்களுக்குப் பக்கத்திலேயே தனியார் ஸ்டூடியோக்கள் பெருகின. எட்டு டிராக்குகள் பதினாறாகி, சில ஆண்டுகளில் இருபத்துநான்கும் ஆயின. மணிக்கணக்கில் வாடகை வாங்கிப் பிழைக்கும் சிறிய ஸ்டூடியோவால் பையன்களை ஆண்டுக்கணக்கில் பழக்க முடியாது. இசைக்கும் கருவிக்கும் ஆசைப்பட்ட இளைஞர்களோ கூடிக்கொண்டே போனார்கள். இந்த இடைவெளியில்தான் நியூயார்க்கில் 1969இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆடியோ ரிசர்ச், சிட்னியில் 1976இல் எஸ்.ஏ.இ., அமெரிக்காவின் ஒஹையோவில் 1979இல் ஃபுல் செயில் என்று தனியார் பள்ளிகள் வந்தன. இவை இசைக் கல்லூரியிலிருந்து கிளைத்தவை அல்ல. கன்சோல், டேப் இயந்திரம், ஒலியைத் திருத்தும் கருவிகள் ஆகியவற்றை இயக்கக் கற்றுக்கொடுப்பதே இவற்றின் முதல் வாக்குறுதி. கருவிப் பெருக்கம் பள்ளிகளைப் பெற்றது என்ற விளக்கம் இந்த இரண்டாம் வேருக்கு ஓரளவு பொருந்தும். இங்கும் பள்ளிகளின் தேவையைத் தீர்மானித்தது, கற்றுக்கொடுக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விதான்.

இரண்டு வேர்களும் சந்தித்த இடம் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம். அங்கே 1970இல் தொடங்கிய டோன்மைஸ்டர் படிப்பு பெயரையும் நோக்கத்தையும் ஜெர்மனியிலிருந்து பெற்றது. இசை, கணிதம், இயற்பியல் மூன்றிலும் தேர்ந்தவர்களையே சேர்த்தது. அதற்குமேல் அது செய்த ஒரு காரியம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நான்காண்டுப் படிப்பின் நடுவே ஓர் ஆண்டு முழுவதும் மாணவர் வெளியே, தொழில் நடக்கும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். அபே ரோட்டின் டேப் அறையில் எமரிக்குக்குக் கிடைத்தது, அளவில் சுருங்கியேனும், பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவரப்பட்டது. பழகுநர் முறைக்கு வகுப்பறை எதிரி என்று இன்றும் பேசுபவர்கள், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இரண்டையும் ஓர் இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

டிஜிட்டல் காலம் மிச்சமிருந்த பழகுநர் முறையையும் கரைத்தது. ப்ரோ டூல்ஸ் 1991இல் வந்தது. அடுத்த ஆண்டு அலெஸிஸ் நிறுவனத்தின் எட்டு டிராக் டிஜிட்டல் டேப் இயந்திரம் ஏறத்தாழ 4,000 டாலருக்குக் கடைகளில் கிடைத்தது. பெரிய ஸ்டூடியோவின் வேலை வீட்டு அறைக்கு இடம்பெயர்ந்தது. நியூயார்க்கின் ஹிட் ஃபேக்டரி 2005இலும் லண்டனின் ஒலிம்பிக் ஸ்டூடியோ 2009இலும் மூடப்பட்டன. ஒரு ஸ்டூடியோ மூடப்படும்போது ஒலிப்பதிவாளர்களோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற உதவியாளர்களின் நாற்காலிகளும் போகின்றன. 2015இல் அபே ரோடு தன் பெயரிலேயே ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. முன்பு சம்பளம் கொடுத்துக் கற்பித்த இடம் இப்போது கட்டணம் வாங்கிக் கற்பிக்கிறது. இதில் பழிசொல்ல ஏதுமில்லை. கற்றலின் செலவு முதலாளியின் கணக்கிலிருந்து மாணவரின் கணக்குக்கு மாறிய வரலாறு இந்த ஒரு முகவரியிலேயே அடங்கிவிடுகிறது.

அந்தச் செலவுக்கு ஈடாக மாணவர் எதைப் பெற வேண்டும்? கருவி அறிவு விரைவில் பழசாகிறது. டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டுவதும், டேப் இயந்திரத்தின் தலையை நேர்ப்படுத்துவதும் 1979இல் அத்தியாவசியம், இன்று அருங்காட்சியக அறிவு. காது பழசாவதில்லை, அதைப் பயிற்றவும் முடியும். வார்சாவின் இசைக் கல்லூரியில் ஒலிப்பதிவு மாணவர்களுக்கு ஒலியின் நிறத்தைப் பிரித்துக் கேட்கும் பயிற்சி 1970களிலேயே தனிப்பாடமாக வளர்ந்தது. அதன் அடிப்படையைச் சோதித்துப் பார்க்க ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் 2003இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. 268 பேரிடம் நான்கு ஒலிபெருக்கிகளை ஒப்பிடச் சொன்ன அந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே ஒலிபெருக்கியைத்தான் விரும்பினார்கள். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் வேறுபாடுகளை மிகக் கூர்மையாகப் பிரித்தார்கள், மறுபடி கேட்டபோதும் அதே தீர்ப்பைச் சொன்னார்கள். பயிற்சி ரசனையை மாற்றவில்லை, தீர்ப்பை நம்பத்தக்கதாக்கியது. காசு கொடுத்துப் பதிவு செய்பவர் ஒலிப்பதிவாளரிடம் எதிர்பார்ப்பதும் அந்த நம்பகத்தன்மையைத்தான்.

டெட்மோல்ட் மரபு ஐரோப்பிய செவ்வியல் இசைக்கே பொருந்தும், இசைக்குறிப்பே இல்லாத பாப், ஹிப்ஹாப், விளையாட்டு ஒலிக்கு அதனால் பயனில்லை என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி சரி. குறிப்பைப் படிக்கும் திறனை எல்லாருக்கும் கட்டாயமாக்கினால், நன்றாகக் கேட்கத் தெரிந்த பலர் வாசலிலேயே நிற்பார்கள். ஆனால் குறிப்பு அங்கே ஒரு கருவி மட்டுமே. அடுத்து என்ன வரப்போகிறது என்பதை எதிர்பார்த்துக் கேட்பதே அங்கு கற்பிக்கப்பட்டது. தாளத்தையும் பாடலின் அமைப்பையும் மனத்தில் வைத்துக் கேட்கும் ஹிப்ஹாப் தயாரிப்பாளரும் அதைத்தான் செய்கிறார். எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது கல்லூரி எதற்கு என்ற வாதம் இதைவிட வலுவானது. ப்ரோ டூல்ஸை இயக்க மட்டும் கற்றுத்தரும் படிப்பால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. உயிருள்ள இசைக்கலைஞர் எதிரே நிற்க, ஆசிரியர் பக்கத்தில் இருந்து மைக்கை ஓரடி நகர்த்தச் சொல்ல, வேறுபாட்டை அந்த இடத்திலேயே கேட்டு உணர்வதைத் திரையில் பார்த்துப் பெற முடிவதில்லை.

படித்து வெளியேறும் எல்லாருக்கும் ஸ்டூடியோவில் இடமில்லை என்பதைப் பள்ளிகளின் விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. இன்றைய வேலை பெரும்பாலும் ஒலிபரப்பு, விளையாட்டு மென்பொருள், பாட்காஸ்ட், மேடை நிகழ்ச்சி என்று சிதறிக் கிடக்கிறது. இவற்றுள் ஒலிபரப்பு, எழுதிவைத்த விதிகளின் உலகம்; ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வகுத்த ஒலியளவு விதியைப் போன்றவற்றை வகுப்பிலேயே முழுமையாகக் கற்கலாம். மேடை ஒலி அதற்கு நேர்மாறு. அங்கே புதியவர் இன்னும் லாரியிலிருந்து பெட்டி இறக்கி, கேபிள் சுற்றி, மூத்தவர் கன்சோலை விட்டு எழுந்து போகும் ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருக்கிறார். அந்த நாட்களுக்குக் கூலியும் வாங்குகிறார். ஆகவே ஒரு படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் அதன் கன்சோலின் விலையை விசாரிப்பதைவிட, காதுப் பயிற்சிக்கு எத்தனை பருவங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, வெளியே வேலை செய்யும் காலம் எவ்வளவு, அதில் மாணவர் யார் பக்கத்தில் உட்காருவார் என்று விசாரிப்பது பயன்தரும்.